பரணிலிருந்து இறங்கிய மிருதங்கம்

சித்தூரில் எங்கள் வீட்டுப் பரணில், காக்கித் துணி உறைக்குள் ஒரு மிருதங்கம் கிடந்தது. 1973-ஆம் ஆண்டு வேலை தேடி நான் பம்பாய்க்கு வண்டியேறிய நாளில் அது அங்கே கிடந்தது. 1988-இல் தந்தையார் மறைந்தபோதும் அங்கேயே கிடந்தது. பின்னர் அன்னையாரும் மறைந்து, 2011-இல் வீட்டை விற்றுச் சாவியை ஒப்படைக்கச் சென்றபோது, பித்தளை அண்டாக்களையும் தேக்கு ஊஞ்சற்பலகையையும் உறவினர்கள் பகிர்ந்துகொண்டார்கள். எவரும் கேளாமல் எஞ்சியவை அந்த மிருதங்கமும், தந்தையாரின் வரவு செலவுக் குறிப்பேடுகள் அடங்கிய ஒரு தகரப் பெட்டியுமே. இரண்டையும் மாட்டுங்காவுக்குக் கொண்டு வந்தேன். கொண்டு வந்தேன் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை. சித்தூர்ப் பரணிலிருந்து மாட்டுங்காப் பரணுக்கு அவை இடம் மாறின, அவ்வளவே.

மீண்டும் அதை இறக்கியவர் ஒருவகையில் நான் அல்லேன். எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் கோவாவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் குடியிருந்தார். இளமையில் ஓட்டல்களில் ஜாஸ் குழுக்களுடன் டிரம்ஸ் வாசித்தவர். 2018-ஆம் ஆண்டு மழைக்காலம் முழுவதும் அவர் தம்முடைய பழைய பிரீமியர் டிரம் செட் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார். லண்டனில் 1922-இல் தொடங்கிய கம்பெனியின் சரக்கு அது. ஒவ்வொரு திருகாணியையும் மண்ணெண்ணெயில் ஊற வைத்துத் துருவை நீக்கினார். கம்பெனியின் பெயர் பொறித்த சிறு உலோகத் தகட்டை மட்டும் மெருகு ஏற்றாமல் விட்டுவிட்டார். பழைய டிரம் பழையபடியே இருக்க வேண்டும், ஒரு திருகாணி மாறினாலும் அதன் மதிப்புக் குறையும் என்பது அவர் கட்சி. தோல் மட்டும் விதிவிலக்கு. அவர் வாசிக்கத் தொடங்கிய காலத்தில் கன்றுத்தோல்தான் கட்டுவார்களாம். பம்பாய் மழையில் அது நனைந்த அப்பளம்போல் தொய்ந்துவிடும். 1957-இல் அமெரிக்காவில் ரெமோ கம்பெனி பிளாஸ்டிக் தோலைச் செய்து விற்கத் தொடங்கிய பிறகுதான் டிரம்காரர்களுக்கு மழைக்காலத்தில் நிம்மதி வந்தது என்பார்.

"உங்கள் ஊர் டிரம் ஒன்று வைத்திருக்கிறீர்களாமே" என்று ஒருநாள் அவர் கேட்டதால் பரணில் ஏறினேன். உறையை அவிழ்த்தபோது இருவருமே சற்றுநேரம் பேசவில்லை. வலந்தலையைப் பூச்சி அரித்திருந்தது. கருஞ்சாந்து பொருக்குப் பொருக்காக மடியில் உதிர்ந்தது. தொப்பித் தோல் கிழிந்து உள்நோக்கி மடிந்திருந்தது. வார்கள் விறகுபோல் விறைத்திருந்தன. அவர் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதில் இருக்கிற பழையதையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சப்போவது என்ன?" என்று கேட்டார். மரம் மிஞ்சும் என்றேன். அவருக்கு அது போதுமான விடையாகத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இம்மலரைப் படிக்கும் அன்பர்களுள் பலர் வெளியூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மேடையில் மிருதங்கத்தைப் பார்த்திருப்பீர்கள், உள்ளே பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே சிறிது சொல்ல வேண்டும். அதன் உடல் பலாமரம். இன்றும் பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவுக்குத்தான் மதிப்பு அதிகம். குடைந்தெடுத்த அந்த உடலுக்குக் கட்டை என்று பெயர். சுருதியின் அளவையும் கட்டை என்றே சொல்வதால், ஒரு கட்டைச் சுருதிக்கு நீளமான கட்டையும் ஐந்து கட்டைச் சுருதிக்குக் குட்டையான கட்டையும் வேண்டும் என்று வித்துவான்கள் பேசும்போது புதிதாய்க் கேட்பவர்களுக்குத் தலை சுற்றும். வலப்பக்கத்து முகம் வலந்தலை, இடப்பக்கத்து முகம் தொப்பி. வலந்தலையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோல் அடுக்குகள் உண்டு. நடுவில் இருப்பது கொட்டுத்தட்டு, அதன்மேல் வளையம்போல் வெட்டி அமைத்தது வெட்டுத்தட்டு. இவற்றை விளிம்பில் பின்னி முடைந்த வளையம் மூட்டு. இருபக்கத்து மூட்டுகளையும் இழுத்துக் கட்டுவது எருமைத்தோல் வார். பசு, ஆடு, எருமை ஆகிய மூன்றின் தோலும் இல்லாமல் மிருதங்கம் இல்லை. அதுவும் பதனிட்ட தோல் ஆகாது, பச்சைத்தோலை வெயிலில் விறைத்துக் காயவைத்தது வேண்டும். தந்தையார் முட்டை சேர்ந்த பிஸ்கட்டைக்கூட வீட்டுக்குள் விடமாட்டார். அந்த வீட்டுப் பூசையறையில் சரசுவதி பூசையன்று சந்தனம் குங்குமம் இட்டு முதலில் வைக்கப்பட்டது அந்த மிருதங்கம்தான். அதில் ஏதும் முரண்பாடு இருப்பதாக எங்களுள் ஒருவருக்கும் அன்று தோன்றியதில்லை.

வலந்தலையின் நடுவே இருக்கும் கருவட்டத்துக்குச் சாதம், கரணை என்று பெயர்கள் வழங்குகின்றன. பழைய தமிழில் மார்ச்சனை என்பார்கள். கிட்டான் கல் என்ற ஒருவகைக் கருங்கல்லைப் பொடித்துச் சோற்றுடன் பிசைந்து, நெல்லளவு நெல்லளவாக எடுத்துப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். சாதாரண முரசை அடித்தால் எழும் மேலொலிகள் ஒன்றோடொன்று இசையா. அதனால்தான் மேனாட்டு இசையில் முரசு பெரும்பாலும் தாளத்துக்கு மட்டும் பயன்பட்டது. மிருதங்கத்திலோ மேலொலிகள் வீணைத் தந்தியில் எழுவனபோல் ஒழுங்காக அமைகின்றன என்பதையும், அதற்குக் காரணம் இந்தக் கருஞ்சாந்தே என்பதையும் சர் சி. வி. இராமன் ஆராய்ந்து, சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். பின்னர் 1930-களிலும் இதே பொருளுக்குத் திரும்பி, தோலின்மேல் நுண்மணலைத் தூவி, அது அதிரும் கோலங்களைக் காட்டினார். இராமன் கண்டு சொன்னது உண்மை. ஆனால் எந்த இடத்தில் எத்தனை பூச்சு ஏற்ற வேண்டும் என்பதைச் செய்தே கண்டுகொண்டவர்கள், பள்ளிக்கூடத்துக்குள் அனுமதிக்கப்படாத மக்கள். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் தோற்கருவிகளை நீளமாக அடுக்கி, இசைக்கருவிகளுக்கெல்லாம் தளமாக நிற்பதால் மத்தளம் எனப் பெயர் வந்தது என்று விளக்குகிறார். அந்தத் தளத்தை அமைத்தவர் யார் என்று நம் உரைகாரர்கள் எழுதி வைத்ததாக நான் படித்ததில்லை. அண்மையில்தான், 2020-இல், டி. எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற ஆங்கில நூலில் மிருதங்கம் செய்யும் குடும்பங்களின் வரலாற்றைத் தேடி எழுதினார். பாலக்காடு மணி ஐயரின் பெயரை அறியாத இரசிகர் இல்லை. அவர் வாசித்த மிருதங்கங்களுக்காக உழைத்த பர்லாந்து என்பவரின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

என் தந்தையார் சித்தூரில் அரசு அலுவலக எழுத்தர். வித்துவான் அல்லர், கச்சேரி செய்து பிழைத்தவரும் அல்லர். ஆயினும் இராமநவமிப் பந்தல்களிலும் பசனை மடங்களிலும் அவரைத் தேடி ஆள் வரும். அக்காலத்துச் சித்தூருக்கு இசையில் ஒரு தலைநிமிர்வு உண்டு. புங்கனூரில் பிறந்து, காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பயின்று, 1954-இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை எங்கள் ஊரின் பெயரையே தம் பெயராகக் கொண்டவர். மதுரை சோமு அவருடைய மாணாக்கர். நாயனாப் பிள்ளையின் கச்சேரி என்றால் மிருதங்கம் மட்டுமன்றிக் கஞ்சிரா, கடம், கொன்னக்கோல், தவில் என்று தாளக்காரர்கள் மேடை கொள்ளாமல் அமர்ந்திருப்பார்களாம். 'ஃபுல் பெஞ்ச்' என்று அதை நீதிமன்றச் சொல்லால் குறிப்பார்கள். அந்தப் பாட்டு மரபில் கணக்குத்தான் உயிர். எங்கள் தந்தையாரும் குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே மிச்ர சாபுவில் தொடையைத் தட்டுகிற மனிதர்.

1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் அதில் சேர்ந்தது. வேங்கடத்தை வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரத்தில் படித்தவர்கள் நாங்கள். எல்லைக் கோடு எங்கள் வீட்டுக்குத் தெற்கே போய்விட்டது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது, சித்தூர் திரும்பவில்லை. தந்தையார் நாற்பது வயதைக் கடந்தபின் தெலுங்கு எழுதப் படித்தார். அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. என்னை மட்டும் தமிழில் படிக்கவைக்க வேண்டும் என்று, 1961-ஆம் ஆண்டு சூன் மாதம் வேலூரில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்பொழுது எனக்கு வயது பதினொன்று.

அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர் நடந்ததைத்தான் நான் இங்கே எழுதியாக வேண்டும். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் எவரிடமும் சொல்லாதது. மே மாதத்து நண்பகல். தந்தையார் அலுவலகத்தில். அன்னையார் கூடத்தில் முந்தானையை விரித்துப் படுத்திருந்தார். மிருதங்கம் அலமாரியின் மேல் இருந்தது, எங்களைப் போன்ற சிறுவர்களுக்கு எட்டக் கூடாது என்றே அங்கே வைக்கப்பட்டது. முக்காலியின்மேல் ஏறி இழுத்தேன். அதன் கனம் என் கணக்கில் இல்லை. நழுவி, கடப்பைக் கல் தரையில் தொப்பிப் பக்கம் மோதி விழுந்தது. அந்த ஓசை இன்றும் என் காதில் உண்டு, மிருதங்கத்தின் ஓசை அன்று, விறகு பிளக்கும் ஓசை. அன்னையார் கண் திறவாமலே "என்னடா?" என்றார். "ஒன்றுமில்லை" என்றேன். உறைக்குள் திணித்து, எப்படியோ மேலே ஏற்றிவிட்டேன். வார்களுக்கு இடையில் மயிரிழை போன்ற ஒரு கோடு தெரிந்ததா, என் அச்சம் அதைத் தெரியவைத்ததா என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியாது.

பின்னர் விடுமுறைதோறும் வேலூரிலிருந்து வரும்போது முதலில் நான் பார்ப்பது அலமாரியின் மேற்பக்கத்தைத்தான். அங்கே மிருதங்கம் இல்லை, பரணுக்குப் போயிருந்தது. தந்தையார் வாசிப்பதை அதன்பின் நான் கேட்கவே இல்லை. ஒருமுறை அன்னையாரிடம் கேட்டேன். "அவருக்கு அதற்கெல்லாம் ஏது பொழுது?" என்றார். எனக்கு விடை தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். உடைத்தவன் நான், அதனால் அவர் வாசிப்பதை விட்டார். பம்பாயில் என் வாழ்க்கை முழுவதும் இந்த எண்ணத்தோடு குடியிருந்தேன். சண்முகானந்த சபையில் கச்சேரிக்குப் போனால் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து வெளியே போய்விடுவேன். காப்பிக்காகப் போகிறேன் என்று என் மனைவி நினைத்துக்கொண்டிருந்தாள்.

கீழ்த்தளத்து முதியவரின் கேள்விக்குப் பிறகு, அதைச் செப்பனிடுவது என்று தீர்மானித்தேன். மும்பையிலும் மிருதங்கம் தைப்பவர்கள் உண்டு. ஆயினும் முதலில் தைத்தவரின் கையிலிருந்தே தொடங்க வேண்டும் என்ற ஓர் ஆசை.

அவரை எனக்கு நன்றாக நினைவுண்டு. மாதம் ஒருமுறை, சில சமயம் இருமுறை, தோள்பையுடன் வருவார். வீட்டு வாசலில் புங்கமரத்தின் அடியில் அமர்வார். தந்தையார் திண்ணையில் அமர்ந்து, தம் காதில் இருக்கும் ஒலியைச் சொல்லால் விளக்க முயல்வார். "இன்னும் கொஞ்சம் திறந்தாற்போல்" என்பார். அவர் கல்லாலும் சிறு மரக்கட்டையாலும் மூட்டைத் தட்டி, ஈர்க்குச்சித் துணுக்கை வெட்டுத்தட்டின் அடியில் செருகி, விரலால் சுண்டிப் பார்ப்பார். தந்தையார் தலையசைக்கும் வரையில் இது நடக்கும். இரண்டு மணிநேரம், மூன்று மணிநேரம். இருவருக்கும் நடுவே பத்தடித் தூரம். அந்தத் தூரம் ஒருநாளும் குறைந்ததில்லை. அவர் தண்ணீர் குடிக்கும் தம்ளர் திண்ணை மாடத்தில் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். குடித்தபின் அவரே கழுவி அவரே கவிழ்க்க வேண்டும். அவர் என்னைச் 'சின்னய்யா' என்பார். வயதில் என் பாட்டனார் ஒத்தவரை நான் பெயர் சொல்லி 'வா, போ' என்பேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அவருடைய தோலும் பசையும் நாங்கள் விழுந்து வணங்கும் பூசையறையில் இருந்தன என்று முன்னரே எழுதிவிட்டேன், இதை மட்டும் எப்படி விடுவது?

தகரப் பெட்டியிலிருந்து கைக்கு வந்த ஒரு குறிப்பேட்டைப் புறப்படுமுன் புரட்டினேன். அது 1956-ஆம் ஆண்டுக்குரியது. 'மிருதங்கம் தைக்க 4 ரூபாய் 8 அணா' என்று இருந்தது. பால்காரர், வண்ணார், தையற்காரர் எல்லாருக்கும் பெயர் எழுதியிருந்த தந்தையார் அந்த வரியில் மட்டும் பெயர் எழுதவில்லை.

2019-ஆம் ஆண்டு சனவரியில் சித்தூர் போய் இறங்கினேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டிடம். புங்கமரம் இல்லை. விசாரித்துக்கொண்டே சென்றதில், அந்தக் குடும்பம் எப்போதோ திருப்பதிக்குப் போய்விட்டது என்று தெரிந்தது. எழுபது கிலோமீட்டர்தான். பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகப் பேருந்து போயிற்று. மடியில் மிருதங்கம். பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மையார் மலையப்பனுக்கு நேர்த்திக்கடன் என்று நினைத்து உறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் மறுக்கவில்லை. (அன்று திருப்பதியும் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 2022 ஏப்ரலில்தான் தனி மாவட்டமாயிற்று.)

தேவஸ்தானத்தின் இசை நடனக் கல்லூரியில் பயிலும் பிள்ளைகளிடம் கேட்டால் மிருதங்கம் தைப்பவரைக் காட்டுவார்கள் என்று சொன்னார்கள். காட்டினார்கள். தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. வாசலில் சட்டங்களில் தோல் விறைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்கவர் வார் இழுத்துக்கொண்டிருந்தார், அவருடைய பேரன்தான். மகனிடம் தெலுங்கிலும் என்னிடம் தமிழிலும் பேசினார். நான் யாருடைய மகன் என்று சொன்னதும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"புங்கமரத்து வீடா? தாத்தா சொல்லியிருக்காருங்க. உங்க அப்பாவுக்குக் காது ரொம்பப் பொல்லாதுன்னு சொல்வாரு."

தேநீர் வரவழைத்தார். அவர் குடித்த தம்ளர் போன்ற தம்ளரில் எனக்கும் கொடுத்தார்.

கட்டையைப் பிரிக்கும்போது உடனிருக்கலாமா என்று கேட்டேன். விறைத்த வார்கள் இழுபடாதவை, ஒவ்வொன்றாக அறுத்துத்தான் எடுத்தார். பழைய தோலையும் மூட்டையும் ஓரமாகத் தள்ளினார். எனக்குத் துணுக்கென்றது. தந்தையாரின் விரல் பட்ட இடம் அத்தனையும் அந்தக் குப்பையில் போயிற்று. அவர் கவனித்திருக்க வேண்டும். "தோல் நிக்காதுங்க சார். நல்லா வாசிக்கிறவங்களுக்கு மாசத்துக்கு ஒருக்கா வலந்தலை மாத்தணும். உங்க அப்பா கை பட்ட தோலெல்லாம் அப்பவே தாத்தா தூக்கிப் போட்டுட்டிருப்பாரு" என்றார்.

பிறகு வெறுங்கட்டையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "இங்க பாருங்க" என்று தொப்பிப் பக்கத்தை என் முகத்தருகே கொண்டுவந்தார். உள்சுவரில் ஒரு சாண் நீளத்துக்குக் கருப்பாக ஒரு தழும்பு ஓடிற்று.

"வெடிப்பு. அடைச்சிருக்கு."

மரம் காய்ந்து தானாக வெடித்திருக்குமோ என்று கேட்டேன். என் குரல் எனக்கே சிறுவனின் குரலாகக் கேட்டது.

"காய்ஞ்ச வெடிப்பு ரேகையோட நேராப் போகும். இது குறுக்க வெட்டிக்கிட்டுப் போகுது. விழுந்த அடிங்க இது." நகத்தால் அந்தத் தழும்பைச் சுரண்டி முகர்ந்தார். "தாத்தா போட்ட அடைப்புதான். நாங்க அரக்கோட மரத்தூள் சேர்ப்போம், இப்ப அரால்டைட் போடுறோம். அவர் ஒருத்தர்தான் அரக்குல கரணைப் பொடியும் சேர்ப்பாரு. அதான் இவ்வளவு கருப்பு. வெளிய தெரியக் கூடாதுன்னு உள்பக்கமா அடைச்சிருக்காரு, வார் ஏத்தினா மூடிடும்."

அவரிடம் அப்போது சொன்னேன். மே மாதம், முக்காலி, கடப்பைக் கல் எல்லாம். மனைவிக்கும் மக்களுக்கும் சொல்லாததைத் தோல் காயும் வாடையில் அமர்ந்து, அன்றுதான் அறிமுகமான ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அப்ப இதைப் பாத்ததும் அவங்க ரெண்டு பேருக்குமே தெரிஞ்சிருக்கும் சார். வீட்ல வேற யாரு இருந்தா, பூனையா?"

வேலை பன்னிரண்டு நாள் நடந்தது. நான் கோவிந்தராசர் கோயில் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கிக்கொண்டு தினந்தோறும் போய் அமர்ந்திருந்தேன். பழைய அடைப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். தாங்கும் என்று அவரே தட்டிப் பார்த்துச் சொன்னார். கட்டைக்கு எண்ணெய் கொடுத்தார். மூட்டு முடைந்தார். சாதம் ஏற்றுவதற்கு மட்டும் ஒரு முழுநாளுக்கு மேல் ஆயிற்று. பிசைந்த கருஞ்சாந்தை விரலால் எடுத்து வைப்பது, கல்லால் தேய்ப்பது, ஊதுவது, மறுபடி வைப்பது. அந்த நாள் முழுதும் பேச்சே இல்லை. பெங்களூரில் செயற்கைத் தோலில் மிருதங்கம் செய்கிறார்களே, பார்த்தீர்களா என்று மறுநாள் கேட்டேன். பார்த்தாராம், சுருதி நகராது, வெளிநாடு போகிறவர்களுக்கு நல்லது என்றார். அவர் குரலில் பொறாமை இல்லை. "என் பையன் டிப்ளமா படிக்கிறான். அவனுக்கு இது வேண்டாம்ங்க" என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

இந்தக் கட்டுரையில் அவர் பெயரையும் பாட்டனார் பெயரையும் எழுத வேண்டும் என்பது என் எண்ணம். குறிப்பேட்டில் விடுபட்ட பெயர் அச்சிலாவது ஏறட்டும் என்று நினைத்துக் கேட்டேன். அவர் சற்று யோசித்து, வேண்டாம் என்றார். பட்டறை இங்கே இருந்தாலும் குடியிருப்பது வேறு தெருவில் வாடகை வீட்டில். என்ன தொழில் என்று வீட்டுக்காரரிடம் சொல்லவில்லையாம். "பேரு போட்டா ஊரு கேப்பாங்க. ஊரு தெரிஞ்சா தெரு கேப்பாங்க." ஆகவே எழுதவில்லை. என்னிடம் இருக்கிறது.

கடைசி நாள் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பினார். ஒரு கட்டைக்குச் சுருதி சேர்த்தார். நகரும் என்றும், புதுத்தோல் இளகி அமைய ஒரு மாதம் பிடிக்கும் என்றும் சொல்லி, என்னைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். எனக்கு வாசிக்கத் தெரியாது. இரண்டு கையையும் ஒருசேர வைத்து ஒருமுறை 'தீம்' என்று தட்டினேன். அடுத்தமுறை தட்ட வரவில்லை.

மும்பைக்குத் திரும்பியதும் தகரப் பெட்டியை இறக்கி 1961-ஆம் ஆண்டுக் குறிப்பேட்டைத் தேடினேன். சூலை மாதத்தில் இருந்தது: 'மிருதங்கம் - உள்ளடைப்பு - 7 ரூபாய் 50 ந.பை.' அவ்வளவுதான். காரணம் எழுதவில்லை. நான் வேலூர் போன அடுத்த மாதம். அந்த வரியில் சிக்கிக்கொண்டு நின்றவன், ஒரு வாரத்துக்குப் பிறகுதான் அடுத்த பக்கங்களைப் புரட்டினேன். ஆகஸ்டு: 'வலந்தலை மாற்ற.' செப்டம்பர்: 'வார் இழுக்க.' 1962 முழுவதும், 1963 முழுவதும், மாதந்தோறும். அவர் வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் விடுமுறைக்கு வரும் நாட்களில் மட்டும் அது பரணுக்குப் போயிருக்கிறது. வெடிப்பை நான் பார்த்து வருந்தக் கூடாது என்றா? மறுபடி நான் அதைத் தொடக் கூடாது என்றா? அன்னையார் இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். அவரும் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பார்.

கடைசி வரி 1964-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தது. அதன்பின் மிருதங்கம் என்ற சொல்லே குறிப்பேடுகளில் இல்லை.

திருப்பதிக்குத் தொலைபேசியில் கேட்டேன். பாட்டனார் எந்த ஆண்டு திருப்பதிக்கு வந்தார்? தம் தந்தை அப்போது பத்தாம் வகுப்பு எழுத வேண்டியவர், எழுதாமல் வந்துவிட்டார் என்று கணக்குப் பார்த்து, "அறுபத்துநாலு" என்றார். இங்கே மாணாக்கர்கள் அதிகம், வேலை கிடைக்கும் என்று வந்தாராம்.

சித்தூரிலிருந்து திருப்பதி எழுபது கிலோமீட்டர். காட்பாடியிலிருந்து வரும் மீட்டர் கேஜ் வண்டியில் சித்தூரில் ஏறிக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். புரட்டாசிதோறும் தந்தையார் மலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார், குறிப்பேட்டில் பயணச் செலவு இருக்கிறது. மிருதங்கத்தை எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்குப் போகவில்லை. போனால் எங்கே அமர்வது, கொடுத்தால் தண்ணீர் குடிப்பதா என்றெல்லாம் அவர் யோசித்தாரா, அல்லது தம் காதுக்கு விடை சொல்லத் தெரிந்த ஒருவர் ஊரைவிட்டுப் போனதும் வாசிக்கும் ஆசையே போய்விட்டதா? இரண்டையும் நான் எண்ணிப் பார்க்கிறேன். என்மீது கோபம் கொள்ளாதவர், வெடிப்பை அடைத்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாதவர் என்று அவரை நினைத்து நெஞ்சு நெகிழும் நாளும் உண்டு. மாடத்தில் கவிழ்ந்திருந்த தம்ளரை நினைக்கும் நாளும் உண்டு.

கீழ்த்தளத்து முதியவர் மிருதங்கத்தைக் கேட்க மேலே வந்தார். அவருடைய பிரீமியர் டிரம் அதற்குள் கண்ணாடிபோல் மின்னிக்கொண்டிருந்தது, அடுக்ககத்தார் முறையிடுவார்கள் என்று அவர் அதை வாசிப்பதில்லை. என்னுடையதில் பழையது என்ன மிஞ்சிற்று என்று மறுபடியும் கேட்டார். உள்ளே விளக்கடித்துத் தழும்பைக் காட்டலாம் என்றால் இருபக்கமும் தோல் மூடியாயிற்று. வாயால்தான் சொல்ல முடிந்தது.

இப்பொழுது என் பெயரன் அதில் பயில்கிறான். வாரம் இரண்டு நாள் வகுப்பு. நாலாம் மாதமே வலந்தலையில் சாதம் உதிரத் தொடங்கிற்று, பையன் கை கனம் என்று ஆசிரியர் சொன்னார். திருப்பதிக்கு எழுதினேன். மழைக்கு முன் அனுப்பிவைக்கும்படியும், இரயிலில் பார்சலாகப் போடாமல் யாராவது கையோடு கொண்டுவர வேண்டும் என்றும் பதில் வந்தது. பையனுக்குப் பள்ளி விடுமுறை மே மாதத்தில். அவனையே தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.